வசந்தியின் சீலிங்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து இதை எழுத உட்காருவதும், எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். பினாங்கு டத்தோ கிராமாட்டிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செபராங் ஜெயா என்ன சீமையா? ஆனால் பேச்சுக்கு நடுவே நீ ஒரு தடவை இருமினால் போதும், எனக்கு மேலே பேச வராது. ஏன் என்று படித்து முடிக்கும்போது தெரியும். வழக்கம்போல முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா பழைய கதைய ஆரம்பிச்சிட்டாங்க" என்று இழுப்பறையில் போட்டுவிடாதே. போட்டாயானால் நானே ஃபெரி ஏறி வந்து, உன் ஆபீசில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டுவேன். செய்யக்கூடியவள்தான் என்று உனக்குத் தெரியும்.

நம் சங்கத்து மருத்துவமனையைப் புதுப்பிக்க உன்னையே கட்டடப் படம் போடச் சொன்னார்கள் என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் மிஸ்ஸியாக வேலை பார்த்த இடம் அது. என் பிள்ளை கையால் அது புதுசாகப் போகிறது என்றால் சும்மாவா? அன்றைக்கு நீ படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாய். சங்கத் தலைவர் அண்ணன் எதிரே உட்கார்ந்து நான் சுட்ட வடையைத் தின்றுகொண்டிருந்தார். "எல்லாத்தையும் பிரிக்கிறோம்மா. தரை, கூரைத் தகரம், வயரிங், ஜன்னல், எல்லாம் புதுசு. பிள்ளைங்க வார்டு சீலிங் மட்டும் அப்படியே விட்டுட்டேன். அக்கா பேரு இருக்குல்ல" என்றாய். தலைவர் வாயில் வடையோடு தலையாட்டினார். "உபயத்த யாரும் தொடக் கூடாதுலா. தம்பிக்கு நல்ல மனசு." அதோடு நீ விட்டிருந்தால்கூட நான் பிறகு நிதானமாகப் பேசியிருப்பேன். "திறப்பு விழாவுக்கு முன்னாடி நானே ஏறி, பழைய பெயிண்ட தேய்ச்சிட்டு, பேர புதுசா எழுதிடறேன்மா. அப்பா மாதிரி. உப்புத்தாள்கூட வாங்கி கார்ல வெச்சிருக்கேன்" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அம்மா அழுகிறாள் என்று நினைத்து நீயும் பின்னால் வரவில்லை. நான் அழவில்லை, தம்பி. பயந்துபோய் நின்றேன்.

உன் அக்காவின் கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். வசந்திக்கு ஏழு வயசு. காய்ச்சல் என்று கொண்டுபோய் நான் வேலை பார்த்த அதே வார்டில் படுக்க வைத்தோம். அந்தக் காலத்தில் அங்கே சீலிங் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டமும் தகரமும்தான். மத்தியானமானால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிள்ளைகளின் தலையணை வேர்வையில் ஊறிக் கிடக்கும், நாங்கள் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போடுவோம். மழை வந்தால் அதைவிட மோசம். பினாங்கு மழை எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். தகரத்தில் அது விழும்போது பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. வசந்தி போன சாயங்காலம் அப்படி ஒரு மழை. அவள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை இல்லை, நாலைந்து வார்த்தை. நான் காதை அவள் வாயோடு வைத்தேன். உன் அப்பா மறுபக்கம் குனிந்தார். மழைச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. மழை விட்டபோது அவள் இல்லை.

தண்ணீர் கேட்டாளா, என்னைத்தான் கூப்பிட்டாளா, வலிக்கிறது என்றாளா? இத்தனை வருஷமாக இதை நான் யோசிக்காத மழை ஒன்றுகூடப் பெய்ததில்லை. உன் அப்பா அதை வேறு மாதிரி தாங்கிக்கொண்டார். கருமாதி முடிந்த கையோடு சங்கத்துக்குப் போய், "பிள்ளைங்க வார்டுக்கு நான் சீலிங் போட்டுத் தர்றேன். என் உபயமா இருக்கட்டும்" என்றார். வேறு எந்தத் தகப்பனும் மழையில் பிள்ளை சொல்வது கேட்காமல் நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அவர் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி, சுத்தியலைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் கூலிக்கு விடமாட்டேன் என்று பிடிவாதம். சனி ஞாயிறெல்லாம் அங்கேயே கிடந்து, தன் கையால் பலகையை அறுத்து, துளை போட்டு, சட்டத்தில் முடுக்கினார். அது ஆஸ்பெஸ்டாஸ் பலகை. அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள். தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது, வெயிலைக் கீழே விடாது, மழைச் சத்தத்தை அமுக்கும் என்று கடைக்காரர் சொன்னார், எல்லாம் உண்மைதான். வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பார். "மாவு மில்லுக்கா போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே சட்டையை வாங்கி, குளியலறையில் பட்பட்டென்று உதறி, அலசிப் போடுவேன். வசந்தி போன பிறகு நாங்கள் கொஞ்சமாவது சிரித்தோம் என்றால் அந்த நாட்களில்தான்.

சீலிங்கின் ஓரத்தில், கதவுக்கு மேலே, அவரே நீலப் பெயிண்டில் எழுதினார்: "செல்வி வசந்தி நினைவாக, பெற்றோர் உபயம்." கடல் காற்றுக்குப் பெயிண்ட் நிற்குமா? ஆறேழு மாதத்தில் பொரிந்து பொரிந்து வரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் அவள் திதியன்று காலையில் நாம் மூன்று பேரும் அங்கே போவோம், ஞாபகம் இருக்கிறதா? நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அப்பா மேலே ஏறி, உப்புத்தாளால் பழைய எழுத்தைச் சுரண்டி, கீழே இருக்கிற பலகை வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்ப்பார். நீ பெயிண்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு நேர் கீழே நிற்பாய். தூள் உன் தலையில், கழுத்தில், இமையில் எல்லாம் விழும். "அம்மா, பனி பெய்யுது பாருங்க" என்பாய். நான் முந்தானையால் உன் தலையைத் தட்டிவிடுவேன். பிறகு வார்டில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பாயசம் கொடுப்போம். அந்தப் பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டே அப்பா தேய்ப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் எனக்கு இப்போது ஒன்றொன்றாக வருகிறது.

போன வருஷம் அப்பா மூச்சுக்குத் திணறினாரே, அப்போது உனக்கு நான் சொன்னது, நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் புற்று என்று. அது பொய் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சீன டாக்டர் பையன் என்னைத் தனியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "இவர் கப்பல் பட்டறையில் வேலை செய்தாரா? கட்டட வேலை? ஆஸ்பெஸ்டாஸ் பக்கத்தில் எங்கேயாவது இருந்தாரா?" என்று மலாயில் கேட்டார். இந்த வகைப் புற்று அதன் தூளை மூச்சில் இழுத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், இழுத்து இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட வரும் என்றார். நான், "இல்லை டாக்டர், அவர் கிராணி, பேனாவைத் தவிர எதையும் தொட்டதில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வார்டுக் கதவுக்கு வருவதற்குள் என் காதில் சர்ர் சர்ர் என்று உப்புத்தாள் சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன். உள்ளே அப்பா என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றார். "வயசாச்சுன்னு சொல்றாரு, வேற என்ன" என்றேன்.

அவரிடம் நான் சொல்லவே இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. மகள் பெயரை எழுதிய கையே தன்னைக் கொன்றது என்று தெரிந்துகொண்டு எந்த மனுஷனும் சாக வேண்டாம். ஆனால் அவர் உன் கையைப் பிடித்து, "அக்கா பேர பாத்துக்கப்பா" என்றாரே, அப்போது உன் கையில் உப்புத்தாள் இருக்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. கட்டடத்தைத்தான் புதுப்பிக்கப் போகிறார்களே, சீலிங்கும் அதோடு போய்விடும், யாரிடமும் எதையும் சொல்லாமலே முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டேன். அப்பா கேட்டது அவருக்குத் தெரிந்ததை வைத்து. இதெல்லாம் தெரிந்திருந்தால் அவர் உன்னை அந்த வார்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். ஆகையால் அப்பாவின் வார்த்தையை மீறுகிறோமே என்று நீ கலங்காதே. மீறச் சொல்வது நான்.

இந்த ஒரு வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்கிறாயா? பசாரில் மீன்காரர் செதில் சுரண்டினால் அந்த இடத்தில் நிற்க முடிவதில்லை. எதிர்வீட்டில் கதவுக்கு வார்னிஷ் அடிக்கத் தேய்த்தார்கள், நான் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். இட்லி மாவுக்கு அரிசி அளக்கும்போது கையில் ஒட்டுகிற வெள்ளையைப் பார்த்தால் போய்க் கழுவுகிறேன், திரும்பி வந்து மறுபடி கழுவுகிறேன். குளியலறையில் அப்பா நிற்கிற மாதிரி இருக்கும். புருவம் வெள்ளையாக, சட்டையை நீட்டிக்கொண்டு, நான் உதறுவதற்காகக் காத்திருப்பார். பேய் பிசாசு என்று நினைத்துவிடாதே, அதற்கெல்லாம் நான் பயப்படுகிறவள் இல்லை. வார்டில் எத்தனை பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். நான் பயப்படுவது உயிரோடு இருக்கிற ஒருவனுக்காக. எந்த ஞாபகத்தைத் தொட்டாலும் ஏணிக்குக் கீழே பெயிண்ட் டின்னோடு நீ நிற்கிறாய்.

நீ படித்தவன், "பலகையச் சும்மா விட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்பாய். டாக்டரிடம் பிறகு போய் நானும் கேட்டேன். உடையாமல், உரசாமல் கிடக்கிற வரை அது பாட்டுக்குக் கிடக்கும், அறுத்தால், தேய்த்தால், உடைத்தால்தான் ஆபத்து என்றார். ஆனால் நம் ஆட்கள் ஓர் உபயத்தைச் சும்மா விடுவார்களா? விளக்கு மாட்டத் துளை போடுவார்கள், ஒழுகினால் சுரண்டுவார்கள், வருஷா வருஷம் பெயரைப் புதுப்பிப்பார்கள். அதுதானே நமக்குப் பெருமை. முன்கூடத்தில் யாரோ தன் தகப்பனார் நினைவாகக் கொடுத்த கடிகாரம் நின்று எத்தனையோ வருஷமாகிறது, கழற்ற ஒருவருக்கும் தைரியம் இல்லை. பெண்கள் வார்டுக்கு ஒரு புண்ணியவான் சிவப்புக் கம்பளம் கொடுத்தார். கழுவ முடியாது, மழைக்காலத்தில் நமுத்துப்போய் ஈர நாய் மாதிரி நாறும், பிரசவித்தவர்கள் ராத்திரி பகலாகத் தும்முவார்கள். எடுக்கலாமா என்றால், "உபயமாச்சே மிஸ்ஸி" என்பார்கள். கடைசியில் நானே ஒரு நாள் அதன் மேல் டெட்டால் வாளியைக் கவிழ்த்து, கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி வெளியே போட்டேன். அன்றைக்கு என் மேல் எவ்வளவு கோபம் எல்லாருக்கும்! இரண்டு வாரத்தில் தும்மல் நின்றது, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே நீ போடுகிற ஆஸ்பத்திரியில் எது அழகு, எது யார் கொடுத்தது என்று பார்க்காதே. படுத்திருக்கிறவர் மூச்சுக்குள் எது போகும் என்று பார். தரைக்கு அந்த ஒட்டுகிற பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். போட்ட புதிதில் கோந்து வாடை மண்டையைப் பிளக்கும், பிறகு அடியில் தண்ணீர் புகுந்து கறுப்பாகப் பூத்துவிடும். பழைய மாதிரி மொசைக் தரையே போடு, தேய்த்துக் கழுவலாம், உன் பேரப்பிள்ளை காலம் வரை கிடக்கும். மருந்து அலமாரி செய்தார்களே, திறந்தால் கண் எரியுமே, அந்த ஒட்டுப்பலகை வேண்டாம், நல்ல மரமாகப் பார். பெயிண்டை அடித்துவிட்டு உடனே நோயாளியைக் கொண்டுவந்து போடாதே, வாடை போகிற வரை ஜன்னலைத் திறந்து வை. ஜன்னலைக் கடல் பக்கமும் கோயில் பக்கமும் எதிரெதிராக வை, காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகட்டும். கொன்ட்ரேக்டர் எதைக் கொண்டுவந்தாலும் ஒரு துண்டை வாங்கி, மூடிய டப்பாவில் போட்டு, மறுநாள் திறந்து உன் மூக்கால் பார். பட்டியலில் போட்டிருக்கிறதை நம்பாதே.

சீலிங்குக்கு ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத பலகை இப்போது வந்துவிட்டது என்று நீயே ஒரு தடவை சொன்னாய். அதைப் போடு. தகரத்துக்கும் அதற்கும் நடுவே சத்தத்தை அமுக்க ஏதாவது வை, எது என்று உனக்குத்தான் தெரியும், தூள் பறக்காததாக இருந்தால் சரி. மழை பெய்யும்போது ஒரு பிள்ளை மெல்லப் பேசினாலும் பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்க வேண்டும். அப்பா ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதை மட்டும் விட்டுவிடாதே.

நேற்றுக் காலையில் தலைவர் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனேன். விஷயத்தைச் சொன்னேன், டாக்டர் சொன்னது உட்பட. மனுஷன் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் வழக்கத்தை விட முடியவில்லை. "அதுக்காக உபயத்த கழட்டலாமா அக்கா? செத்த பிள்ளை பேரு. குடும்பத்துக்கு ஆகாதுலா" என்றார். "இதுக்கு மேல குடும்பத்துக்கு என்ன ஆகணும்?" என்றேன். நான் விடவில்லை. "அண்ணே, உபயத்த வேற ஆளு தொடக் கூடாது, சரி. கொடுத்தவ தொடலாம்ல? கொடுத்த ரெண்டு பேருல ஒருத்தர் போயிட்டாரு, மிச்சம் நான்தான். என் உபயத்த நான் திரும்ப எடுத்துக்கறேன்" என்றேன். "கொடுத்தத யாராவது திரும்பக் கேட்பாங்களாக்கா?" என்றார். "நான் கேட்கிறேன். என்னைப் பத்தி ஊரு என்ன வேணா பேசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தவர், "அந்த வார்டுலதான்க்கா என் பேத்தியும் ஒரு வாரம் கிடந்தா" என்றார். பிறகு, சரி, பிரிக்கச் சொல்கிறேன் என்றார்.

இனி உன் பொறுப்பு. வழக்கமாகப் பிரிக்கிறவர்கள் கடப்பாரையால் ஒரு இடி இடித்துக் கீழே தள்ளுவார்கள், அந்த மாதிரி ஒருவனையும் உள்ளே விடாதே. அந்த வேலை தெரிந்த ஆட்களாகப் பார். பிள்ளைகளையும் நோயாளிகளையும் முதலில் வேறு கட்டடத்துக்கு மாற்று. பலகையைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்கட்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது, சரியான மூக்கு மூடி வாங்கிக் கொடு, ஏழைப் பிள்ளைகள், அவர்களுக்கும் அம்மா இருப்பாள். தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒட்டி, எங்கே போட வேண்டுமோ அங்கே மட்டும் போய்ச் சேர வேண்டும். கோழிக் கூண்டுக்கு ஆகும் என்று யாராவது கேட்பான், ஒரு துண்டுகூடக் கொடுக்காதே. ஈரத்துணியால் துடைக்கட்டும், துடைப்பம் வேண்டாம். பெயர் இருக்கிற பலகையையாவது அம்மாவுக்கு ஞாபகமாக வைத்துக்கொள்ளட்டும் என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம், தம்பி. அதுவும் மற்றதோடு போகட்டும். புதுச் சீலிங்கில் அவள் பெயரை எழுதவும் வேண்டாம். அது வெள்ளையாகவே இருக்கட்டும்.

பிரிக்கிற அன்றைக்கு நீ உள்ளே போகக் கூடாது. மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று சொல்லாதே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காப்பிக் கடையில் நின்று பார். அதற்கு முன்னால் ஒரு தடவை அந்த டாக்டரிடம் போய், சின்ன வயசில் தூளில் நின்றதைச் சொல்லி, நெஞ்சைப் படம் எடுத்துக் காட்டு. ஒன்றும் இருக்காது, இருக்கக் கூடாது. சிகரெட்டை விடு. ஆபீசில்தான் ஊதுகிறேன், அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சட்டையை யார் துவைத்து வளர்த்தது?

வசந்தி அன்றைக்கு என்ன சொன்னாள் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அதை நான் கேட்காமலே போய்ச் சேருவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குவாயே, அப்போது நான் பத்திரிகை படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எதற்கென்று நினைத்தாய்? உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஒழுங்காக உள்ளே போய் வெளியே வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஒன்று கேட்டால் எனக்குப் போதும்.

காரில் இருக்கிற அந்த உப்புத்தாளை இப்போதே எடுத்துக் குப்பையில் போடு. போட்டுவிட்டுப் போன் பண்ணு. பேச வேண்டாம், அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விடு.

அம்மா